மேல்பக்கம் மட்டும் உள்ள தோசை உண்டா?

பள்ளிக்கூடத்துச் சட்ட காந்தம் கை தவறி விழுந்து இரண்டாக உடைந்தால் என்ன ஆகும்? ஒரு துண்டில் வட துருவம், இன்னொன்றில் தென் துருவம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. உடைந்த இடத்தில் புதிதாக இரண்டு துருவங்கள் முளைத்துவிடும். ஒரு காந்தம் போய், இரண்டு முழுக் காந்தங்கள் கையில் இருக்கும்!

1269-லேயே பிரான்ஸைச் சேர்ந்த பீட்டர் பெரெக்ரினஸ் இதை ஒரு கடிதத்தில் விளக்கமாக எழுதிவிட்டார். ஆனால், ஏன் இப்படி என்பது புரிய 550 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். அதைக் கேள்விப்பட்ட பிரான்ஸின் ஆம்பியர், காந்தத்துக்குள் சின்னச் சின்ன வளையங்களாக மின்னோட்டம் சுற்றுகிறது, காந்த சக்தியே அதிலிருந்துதான் வருகிறது என்றார்.

அந்த வளையத்தைத் தோசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வட துருவம், மறுபக்கம் தென் துருவம். தோசையை எத்தனை துண்டாகப் பிட்டாலும், ஒவ்வொரு துண்டுக்கும் மேல்பக்கமும் அடிப்பக்கமும் இருக்கும். மேல்பக்கத்தை மட்டும் பிட்டுத் தர யாராலும் முடியாது. காந்தத்தைத் தூளாக்கி எலெக்ட்ரான் வரை போனாலும் இதே கதைதான். எலெக்ட்ரானும் இரண்டு துருவங்கள் கொண்ட குட்டிக் காந்தமே.

மின்சாரத்தையும் காந்தத்தையும் 1860-களில் ஒன்றாக இணைத்த மேக்ஸ்வெல்லின் கோட்பாட்டிலும் இது இருக்கிறது. மின்புலக் கோடுகள் நேர் மின்னூட்டத்தில் தொடங்கி எதிர் மின்னூட்டத்தில் முடியலாம். காந்தப்புலக் கோடுகளுக்கோ தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதனால் சமன்பாட்டில் தனித் துருவத்துக்கு உரிய இடத்தில் பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யம் கணக்கின் கட்டாயம் அல்ல. யாரும் தனித் துருவத்தைப் பார்த்ததில்லை என்ற அனுபவம்தான். இங்கேதான் 1931-ல் பால் டிராக் நுழைந்தார். தனியே கிடைக்கும் எந்தத் துகளின் மின்னூட்டமும் எலெக்ட்ரானுடையதைப் போல ஒரு மடங்கு, இரண்டு மடங்கு என்றே வருகிறது. ஒன்றரை, முக்கால் என்று ஏன் வருவதில்லை? பிரபஞ்சத்தில் எங்காவது ஒரே ஒரு தனித் துருவம் இருந்தால்கூட இந்தப் புதிருக்கு விடை கிடைத்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அன்றிலிருந்து தேடல் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிளாஸ் கப்ரேரா ஒரு மீகடத்திக் கம்பிச் சுருளை வைத்துக் காத்திருந்தார். தனித் துருவம் அதன் ஊடே கடந்தால், சுருளின் மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவு தாவி, அப்படியே நிற்கும்.

1982 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் ஆள் இல்லை. கருவியின் பதிவில் ஒரு தாவல்! கணக்குச் சொன்ன அதே அளவு.

உலகமே பரபரப்பானது. இன்னும் பெரிய கருவிகள் வந்தன, ஆண்டுகள் ஓடின. அந்தத் தாவல் மறுபடி வரவே இல்லை. ஒருமுறை மட்டும் தெரிந்ததை அறிவியல் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அன்று சுருளைக் கடந்தது என்ன என்பது இன்றுவரை புதிர்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் மோடல் என்ற குழு இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. ஒன்றே ஒன்று சிக்கினால் போதும். பாடப் புத்தகத்தில் அந்தப் பூஜ்யத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.