மறைத்த நோயே கொள்ளைநோய்

தமிழ்ப்பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்வியில் முதன்மை பெற்றோரும் விளையாட்டில் வென்றோரும் மேடையேறி இறங்கிய பின்னர், ஆண்டு முழுவதும் ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவன் அழைக்கப்படுகின்றான். பெற்றோர் கைதட்டுகின்றனர். சிறப்பு விருந்தினர் முதுகைத் தட்டிக் கொடுக்கின்றார். அந்த ஓராண்டில் அவனுக்குக் காய்ச்சலே கண்டதில்லையா, கண்டிருந்தால் அன்று அவன் எங்கே இருந்தான் என்று எவரும் கேட்பதில்லை. அவன் வகுப்பறையில் இருந்தான், இருமிக்கொண்டே இருந்தான். அவன் பெற்ற கிண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவனோடு அமர்ந்திருந்த பிள்ளைகள்.

இது சிறு செய்தி என்று தள்ளிவிட வேண்டா. நோயைச் சொன்னவன் இழக்கின்றான், மறைத்தவன் பெறுகின்றான் என்னும் பாடத்தை ஒரு பள்ளி ஏழு வயதிலேயே கற்றுக்கொடுக்குமானால், கொள்ளைநோய் வரும் நாளில் அச்சமுதாயத்தை எந்த மருத்துவமனை காப்பாற்றும்? பறவைக் காய்ச்சலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சளிக்காய்ச்சல் கிருமியின் தாய்வீடு நீர்ப்பறவைகளின் குடல். காட்டு வாத்து பெரும்பாலும் அதனால் துன்புறுவதில்லை. ஆயின், அது கோழிப்பண்ணைக்குள் புகுந்து கொடிய வடிவம் கொள்ளுமானால், சில நாள்களில் பண்ணையே சுடுகாடாகின்றது. எச்5என்1 எனப்படும் வகை 1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில் 18 மனிதரைப் பற்றியது; அவருள் 6 பேர் இறந்தனர். அந்நகரின் கோழிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. 2003ஆம் ஆண்டு முதல் இதுவரை உலகெங்கும் 900க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடமும் இக்கிருமி காணப்பட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவும் ஆற்றலை இது இன்னும் பெறவில்லை என்பதே ஆறுதல். ஆனால், 1957இலும் 1968இலும் உலகைச் சுற்றிவந்த சளிக்காய்ச்சல்கள் இரண்டும் பறவைக் கிருமியின் கூறுகளும் மனிதக் கிருமியின் கூறுகளும் கலந்து பிறந்தவையே. முன்பு நடந்தது மீண்டும் நடவாது என்று உறுதி கூறுவார் யார்?

இனி, மறைப்பின் கதையைக் காண்போர் தாய்லாந்தை நோக்குக. அங்கே கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அது கோழிக் காலரா என்றே முதலில் கூறப்பட்டது. பறவைக் காய்ச்சல் என்னும் உண்மை 2004 சனவரி 23ஆம் நாள்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஏற்றுமதிக்கு இழுக்கு வரும் என்ற அச்சம் வாயைக் கட்டியது. வாய் கட்டுண்ட நாள்களில் நோய் கால் முளைத்து நடந்தது. பின்னர் அதே நாடு ஊர்தோறும் இருந்த சுகாதாரத் தொண்டர்களை வீடு வீடாக அனுப்பி, செத்த கோழி உண்டா, காய்ச்சல் கண்டவர் உண்டா என்று கேட்டறியச் செய்தது. 2006ஆம் ஆண்டுக்குள் 25 பேர் நோயுற்று 17 பேர் இறந்தனர். அதன்பின் நெடுங்காலம் அங்கே மனிதர் எவரையும் அந்நோய் பற்றவில்லை. மறைத்தபோது பரவியது, கேட்டறிந்தபோது அடங்கியது.

பறவைக் காய்ச்சலினும் வேறான நோய்தான் எனினும், மலேசியாவும் இப்பாடத்தைத் தன் மண்ணிலேயே கற்றுள்ளது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தோன்றிய மூளைக்காய்ச்சல் கொசுவால் வருவதென்று எண்ணி மருந்துப்புகை அடித்தனர். அஞ்சிய பன்றி வளர்ப்போர் சிலர் தம் பன்றிகளை மலிவு விலைக்கு விற்றனர். விற்ற பன்றிகளோடு நோயும் நெகிரி செம்பிலானுக்குப் பயணம் செய்தது. 1999இல் நீப்பா என்னும் புதிய கிருமி கண்டறியப்பட்டது. நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். 2004இல் கிளந்தானிலும் 2006இல் செத்தாப்பாக் வட்டாரத்திலும் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டபோது அது பரவாமல் தடுக்கப்பட்டது. அது தற்செயலன்று, நோய் கண்ட இடம் விரைவில் தெரியவந்ததே காரணம்.

மறைப்பவரெல்லாம் கொடியவர் அல்லர். அன்றாடங்காய்ச்சிகள் அவருள் பலர். 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல் மலாயாவின் தோட்டங்களுக்குள் புகுந்தபோது, லயத்தில் நெருக்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு இருந்த வழி யாது? பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கொதிக்கும் உடம்போடு பால்மரத்தின் முன் நின்றவனைக் குறை கூறுவது அறமாகாது. அவனை அங்கே நிறுத்திய முறையைக் குறை கூறாமல் விடுவதும் அறமாகாது. வீட்டுப் பின்புறத்தில் பத்துக் கோழி வளர்க்கும் விதவைத்தாயின் நிலையும் அஃதே. சொன்னால் கோழி போகும்; சொல்லாவிட்டால் சாகும் கோழியையாவது குழம்பாக்கலாம் என்று அவள் எண்ணுவாளானால், குற்றம் அவளுடையது மட்டுமன்று. சொன்னவருக்கு உடனே இழப்பீடு தராத ஆட்சியும், சொன்ன வீட்டை ஒதுக்கி வைக்கும் ஊரும் அக்குற்றத்தில் பங்குடையன.

இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உளர். மருந்தும் தடுப்பூசியும் அரசாங்கத்தின் வேலைதான். ஆனால், அறிவிப்பு எந்த மொழியில் வந்தாலும், தோட்டப்புறத்துப் பாட்டி அதைத் தன் பேரப்பிள்ளையின் வாய்வழியாகத்தான் கேட்கின்றாள். மஞ்சளும் வேப்பிலையும் இருக்க அச்சம் எதற்கு என்போரும் உளர். மஞ்சள் சமையலுக்கு நன்று; எச்5என்1 கிருமியை அது தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சான்றில்லாததைத் தமிழர் பெருமை என்று மேடையில் முழங்குவது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. கோவிட் ஓய்ந்துவிட்டது, பிள்ளைகளை ஏன் அச்சுறுத்த வேண்டும் என்போர் மூன்றாமவர். தீயணைப்புப் பயிற்சி தருவது அச்சுறுத்தலாகுமா? 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து பாடம் படித்த வீடுகளை ஆசிரியர்கள் அதற்குள் மறந்தனரோ? வருமுன் காத்தலைக் குறளில் மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் தரும் பள்ளி, அதை வாழ்வில் செய்து காட்ட வேண்டாவா?

செய்ய வேண்டியவை பெரும் பொருட்செலவு கேட்பன அல்ல. முழுவருகைப் பரிசு இவ்வாண்டோடு நிறுத்தப்படுக. காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் நிறுத்திய பெற்றோர் பாராட்டப்படுக. அப்பிள்ளைக்கு விடுபட்ட பாடம் குறைவின்றிக் கிடைக்க ஆசிரியர் வழி செய்க. 2003இல் சார்ஸ் நோயின்போது சிங்கப்பூர் மாணவர் ஒவ்வொருவரும் வெப்பமானி பெற்றுத் தம் காய்ச்சலைத் தாமே பார்த்துப் பழகினர். அப்பழக்கம் இங்கும் கற்பிக்கப்படுக. குழாயடியில் சவர்க்காரம் என்றும் இருக்கட்டும். செத்த பறவையைத் தொடாதே, பெரியவரிடம் சொல், அவர் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லட்டும். நன்கு வெந்த கோழியும் முட்டையும் தீங்கு செய்யா என்பவற்றை மூன்றாம் வகுப்பு மாணவனும் தமிழில் தெளிவாக உரைக்க வல்லவனாகட்டும். தனித்து வாழும் முதியோர் யார், நாள்கூலி இழந்தால் அடுப்பெரியாத வீடு எது என்னும் பட்டியல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இன்றே இருக்கட்டும். நோய் வந்தபின் எழுதும் பட்டியல் இறந்தோர் பட்டியலாகவே முடியும்.

கொள்ளைநோய் எந்த ஆண்டில் வரும் என்று எவரும் கூற இயலாது. ஆனால், அது வரும் நாளில் காலை ஏழு மணிக்கு ஒரு தாய் தன் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சுடும். அப்போது அவள் நினைவுக்கு வருவது மேடையில் கிடைக்கவிருக்கும் கிண்ணமா, வகுப்பில் இருக்கும் பிறர் பிள்ளைகளா? அந்த ஒரு நொடிக்கான விடையைத் தமிழ்ப்பள்ளி இப்போதே எழுதிக்கொண்டிருக்கின்றது.