படகில் டேப் ரேடியோ... பாட்டுப் பெட்டியா, உயிர் காக்கும் பெட்டியா?

வங்கக்கடலில் புயல் சின்னம் என்றதுமே டி.வி-யில் ஓடும் ஒரு வரி எல்லோருக்கும் மனப்பாடம். 'அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை விரைந்தது.' அந்தப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது இங்கேதான். 1992-ல் தொடங்கப்பட்ட கடற்படை விமானதளம் ஐ.என்.எஸ் ராஜாளியும் இங்கேதான். அலைச் சத்தமே கேட்காத ஊரில் கடலுக்கு இரண்டு காவல்!

ஆனால், எந்தப் படை கிளம்பினாலும் அதற்கு முன்னால் நடுக்கடலில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் 29-ம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கி புயலாக மாறியது. கன்னியாகுமரி மாவட்ட ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள்கள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களில் பலருக்குக் கேட்கவே இல்லை.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சொல்லும் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவை பழுதானால்? பாட்டு கேட்பதற்காகப் படகில் மாட்டிய பழைய 'டூ-இன்-ஒன்' டேப் ரேடியோவுக்கு அப்போது வேலை வருகிறது. மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை அகில இந்திய வானொலியில்தான் பல காலமாக ஒலித்து வருகிறது.

பென் டிரைவ் போடும் புதிய மலிவு செட்களில் பெரும்பாலும் எஃப்.எம் மட்டும்தான். எஃப்.எம் அலை நேர்கோட்டில் போவது. கோபுரம் 100 மீட்டர் உயரம் இருந்தாலும், தாழ்வான படகுக்கு ஏறக்குறைய 50 கி.மீ தூரத்தோடு மங்கிவிடும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கும் 'கடல் ஓசை' 90.4 போன்ற சமுதாய வானொலிகளுக்கு எல்லை அதைவிடக் குறைவு. பழைய டேப் ரேடியோவில் இருக்கும் ஏ.எம் அப்படியில்லை. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் இரண்டுமே 200 கிலோவாட் சக்தி கொண்டவை. கடல்நீரின் மேல் ஏ.எம் அலை நிலத்தைவிடத் தாராளமாகப் பரவும். கேசட் சுற்றவில்லை என்பதற்காக அந்தப் பெட்டியைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாட்டும்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். டிரைவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை காம்பஸ் பக்கத்திலேயே ஆணியடித்தால், முள் இழுபடும். 5 டிகிரி பிசகினால் போதும், 30 கி.மீ ஓட்டத்தில் படகு இரண்டரை கி.மீ-க்கு மேல் விலகியிருக்கும். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் தொழில் செய்பவருக்கு இரண்டரை கி.மீ என்பது வீடு திரும்புவதா, சிறைக்குப் போவதா என்கிற கேள்வி. 'ஜி.பி.எஸ் இருக்கே' என்று சொல்லலாம். பேட்டரி இறங்கிப்போன ராத்திரியில் மிச்சமிருப்பது காம்பஸ் மட்டும்தான்.

சோதிப்பது சுலபம். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது, பாட்டு ஓடும் நிலையில் செட்டை காம்பஸ் அருகே கொண்டுபோக வேண்டும். முள் அசையத் தொடங்கும் இடத்திலிருந்து நன்றாகவே தள்ளி வைத்தால் நல்லது. கரன்ட் போகும் ஒயரும் காந்தம்போல இழுக்கும் என்பதால், பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோவது எலெக்ட்ரீஷியன்களின் வழக்கம்.

கார் செட்டை மாட்டுபவர்கள் மஞ்சள் ஒயரை மறந்துவிடுகிறார்கள். ஸ்விட்சை அணைத்தாலும் ஸ்டேஷன் நினைவுக்காக அது பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் படகு சும்மா நின்றால், இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டிய நேரத்தில் பேட்டரி கையை விரிக்கும். செட்டுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ்... இது போதும்.

ஏ.எம் கரகரத்தால் செட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் ஏரியல் ஒரு கறுப்புக் குச்சி. செட்டை மெதுவாகத் திருப்பினால் ஏதோ ஒரு பக்கம் தெளிவாகக் கேட்கும். இரும்புத் தடுப்பை ஒட்டி வைத்தால் கேட்காது. பெட்ரோல் மோட்டாரின் தீப்பொறியும் இரைச்சல் தரும். அலை அமைதியாக, படகு பத்திரமான இடத்தில் இருந்தால், வானிலை அறிக்கை நேரத்தில் ஐந்து நிமிடம் மோட்டாரை நிறுத்திக் கேட்கலாம்.

செட்டுக்கு அலையைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. ஒயர் முனைகளில் வாசலின் தடவினால் பச்சை பூக்காது. கேசட் ஹெட்டில் பழுப்பு படிந்து பாட்டு அமுங்கினால், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ரப்பர் பெல்ட் தளர்ந்தால் பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல இழுப்பார். அதற்குப் பெல்ட்டை மாற்றுவதுதான் வழி. கேசட்களை மூடி இறுக்கமான டப்பாவில் நிறுத்திவைத்தால் பூஞ்சை அவ்வளவாக அண்டாது. 90 நிமிட கேசட்டின் டேப் மெல்லியது, சீக்கிரம் சிக்கும். படகுக்கு 60 நிமிட கேசட்டே தோது.

ரேடியோ காது மட்டும்தான், வாய் இல்லை. ஆபத்தில் கூப்பிட வி.எச்.எஃப் செட்டின் 16-வது சேனல்தான் வேண்டும்.

ஒருவேளை கடல்நீர் உள்ளே போய்விட்டால், 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று ஸ்விட்சைப் போடுவதில்தான் பெரும்பாலான செட்கள் சாகின்றன. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு திறந்து, நல்ல தண்ணீரில் உப்பை அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள்கள் காயவிட வேண்டும். ஸ்பீக்கர் அட்டை மட்டும் நனையாமல் பார்த்துக்கொண்டால், திரும்பவும் பேசுவதற்கு நிறையவே வாய்ப்பிருக்கிறது.