யாருடைய பாதுகாப்பு? யாருடைய கப்பல்?

'எரிசக்திப் பாதுகாப்பு' என்கிற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு? யார் செலவில்? இந்த இரண்டு கேள்வியையும் கேட்காத வரைக்கும் அது நல்ல சொல்தான். கேட்டால்தான் சங்கடம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ரஷ்யக் குழாயில் வந்த வாயுவில் அதுவரை குளிர்காய்ந்துகொண்டிருந்த ஐரோப்பா அலறியது. ஜெர்மனியில் அப்போது திரவ இயற்கை வாயு, அதாவது எல்.என்.ஜி. இறக்குகிற முனையம் ஒன்றுகூடக் கிடையாது. கரையில் கட்ட வருஷக்கணக்காகும். அதனால் மிதக்கும் முனையங்களை வாடகைக்குப் பிடித்தார்கள்.

மிதக்கும் முனையம் என்பது வேறொன்றுமில்லை, ஒரு கப்பல்தான். இயற்கை வாயுவைச் சுழியத்துக்கும் கீழே 162 டிகிரி வரை குளிர வைத்தால் திரவமாகி, பருமனில் ஏறத்தாழ 600ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தத் திரவத்தைச் சரக்குக் கப்பல்கள் கொண்டுவந்து கொடுக்கும். முனையக் கப்பல் அதைத் தன் தொட்டிகளில் வாங்கி வைத்துக்கொண்டு, சூடாக்கி, மறுபடியும் வாயுவாக்கிக் குழாய் வழியே கரைக்கு அனுப்பும். வேண்டாமென்றால் கட்டை அவிழ்த்துக்கொண்டு இன்னொரு தேசத்துக்குப் போய்விடலாம். இதுதான் அதன் பெருமை.

2022 டிசம்பர் 17 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் ஜெர்மனியின் முதல் மிதக்கும் முனையத்தை அந்நாட்டுத் தலைமை அமைச்சர் ஓலாஃப் ஷோல்ஸ் திறந்துவைத்தார். இப்படிப்பட்ட முனையங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வைத் தவிர்க்க அந்த வருஷமே தனிச்சட்டம் போட்டார்கள். போர் தொடங்கிப் பத்தே மாதத்தில் வேலை முடிந்தது. 'ஜெர்மன் வேகம்' என்று தங்களையே மெச்சிக்கொண்டார்கள்.

சரி, கப்பல் வந்துவிட்டது. அதற்குள் ஊற்றுகிற வாயு எங்கேயிருந்து வந்தது? ஒரே வருஷத்தில் பூமிக்குள் புதுசாக முளைத்துவிடுமா? இன்னொருத்தன் வாங்க வேண்டியதைத்தான் கூட விலை கொடுத்து எடுத்தாக வேண்டும். ரேஷன் கடையில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கிறவளைத் தாண்டிப் போய், இரண்டு மடங்கு காசை நீட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நம்ம ஊரில் ஒரு பெயர் உண்டு. சர்வதேசச் சந்தையில் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

வரிசையில் நின்றது யார் என்று பார்ப்போம். பாகிஸ்தானின் காசிம் துறைமுகத்தில் 2015லும் 2017லும் மிதக்கும் முனையங்கள் வந்தன. வங்காளதேசத்தின் மகேஷ்காலிக் கடலில் 2018லும் 2019லும் வந்தன. அதாவது ஜெர்மனிக்கு முன்னாலேயே இவர்கள் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். எல்.என்.ஜி. மலிவு, குழாய்க்காக யாரையும் கெஞ்ச வேண்டாம் என்றுதான் இவர்களுக்கு ஆசை காட்டப்பட்டது. 2020ல் ஆசியச் சந்தையில் பத்து லட்சம் பி.டி.யு. வெப்ப அளவுக்கு விலை 2 டாலருக்கும் கீழே கிடந்தது உண்மைதான். 2022ல் அதே விலை 70 டாலரைத் தாண்டியது.

பாகிஸ்தானோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்த இத்தாலியின் ஏனி நிறுவனமும் குன்வர் என்கிற வணிக நிறுவனமும் தர வேண்டிய சரக்கைப் பல தடவை தரவில்லை. தனக்குச் சரக்கு தர வேண்டியவர் தரவில்லை, இதில் தனக்கு லாபம் எதுவும் இல்லை என்றது ஏனி. இருக்கட்டும். ஒப்பந்தம் என்ன சொன்னது? சரக்கு வராவிட்டால் அபராதம், ஒப்பந்த விலையில் 30 சதவீதம். வங்கியில் எல்.சி. தாள்களைப் புரட்டிக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரு ஒப்பந்தத்தை எடுத்தால் முதலில் அபராதப் பிரிவைத்தான் பார்ப்பேன். பத்து ரூபாய்க்குத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன், வெளியே முப்பது ரூபாய் விலை போகும்போது மூன்று ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போக முடிகிற ஒப்பந்தம் ஒப்பந்தமா? 2022 ஜூலையில் பத்துக் கப்பல் சரக்குக்குப் பாகிஸ்தான் டெண்டர் விட்டது. ஒருத்தர்கூட வரவில்லை. அதற்கு முந்தின மாதமே கராச்சிக் கடைகளை இரவு 9 மணிக்கு அடைக்கச் சொல்லியாகிவிட்டது.

வங்காளதேசம் அதே ஜூலையில் சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. தினம் ஒரு மணி நேர மின்வெட்டு என்று அட்டவணை போட்டார்கள். கிராமங்களில் அது ஒரு மணியோடு நிற்கவில்லை.

இந்தியாவும் தப்பவில்லை. நம்ம பொதுத்துறை கெயில் நிறுவனம் ரஷ்யாவின் காஸ்ப்ரோமுடைய வணிகக் கிளையோடு 20 வருஷ ஒப்பந்தம் வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் அந்தக் கிளையின் தாய் நிறுவனத்தை ஜெர்மன் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் இந்தியாவுக்கு வர வேண்டிய சரக்கு நின்றது. கெயில், உரத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதைக் குறைத்தது. வழக்காடிக் கடைசியில் 2025ல் 28.5 கோடி டாலருக்குச் சமரசம். கெயில் கேட்டிருந்தது 180 கோடிக்கும் மேலே. ஒரு கையால் முனையத்தைத் திறந்துவைத்த அரசின் இன்னொரு கைப்பிடியில்தான் ஒப்பந்தத்தை மீறிய நிறுவனம் இருந்தது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: லிதுவேனியாவைப் பார், சின்ன தேசம், மொத்த வாயுவுக்கும் ரஷ்யாவை நம்பிக் கிடந்தது, 2014ல் கிளைப்பேடா துறைமுகத்துக்கு ஒரு மிதக்கும் முனையத்தைக் கொண்டுவந்து தலைநிமிர்ந்ததே என்று. உண்மை. அந்தக் கப்பலுக்குப் பெயரே 'சுதந்திரம்'. 2022 ஏப்ரலில் அவர்கள் ரஷ்ய வாயுவை நிறுத்தவும் முடிந்தது. மிரட்டுகிறவனிடமிருந்து விடுபட நினைப்பதை நான் ஏன் பழிக்கப் போகிறேன்? ஆனால் அவர்களைக் காப்பாற்றியது கப்பல் மட்டுமில்லை, அதை நிரப்புகிற பணமும்தான். மகேஷ்காலியில் கப்பல் இருந்தது, பணம் இல்லை. கப்பல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மகேஷ்காலியில் இன்னொன்றும் இல்லை: அமைதியான கடல். 2023 மே மாதம் மோக்கா புயல் வருகிறதென்று இரண்டு முனையங்களிலிருந்தும் வாயுவை நிறுத்தினார்கள். சிட்டகாங் நகரத்தில் அடுப்பு அணைந்தது. 2024 மே மாதம் ரெமால் புயலில் மிதந்து வந்த ஒரு பெரிய இரும்புக் கூடு இரண்டு கப்பல்களில் ஒன்றை மோதியது. பழுது பார்க்க அது சிங்கப்பூர் போயிற்று. மறுபடி வாயு கொடுக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. புயல் வருஷா வருஷம் வருகிற வங்கக் கடலில் ஒரு தேசத்தின் அடுப்பை இரண்டு கப்பலில் கட்டிவைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வாயு வந்தாலும் வராவிட்டாலும் வாடகை நிற்காது. காசிம் துறைமுகத்தின் முதல் முனையத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் டாலருக்கும் மேலே நிலைக்கட்டணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் டாலரில். ரூபாய் சரியச் சரியக் கடன் வீங்கும். அது மின்கட்டணமாக இறங்கும்.

அதிலிருந்து தப்பிக்கப் பாகிஸ்தான் மக்கள் கூரைக்கு ஏறினார்கள். 2024ல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் சூரியத் தகடுகள் இறக்குமதியாயின. ஒரு காலத்தில் டெண்டர் விட்டும் வாயு கிடைக்காத தேசம், வாங்கிய வாயுவை எரிக்க ஆளில்லாமல் கத்தாரிடம் சரக்கைத் தள்ளிப்போடச் சொன்னது. நல்ல சேதிதான். ஆனால் கூரை யாரிடம் இருக்கிறது? தகடு வாங்கக் காசு யாரிடம் இருக்கிறது? பங்களாக்காரனும் ஆலைக்காரனும் நிலம் வைத்திருக்கிறவனும் விலகிக்கொண்டால், முனையத்தின் நிலைக்கட்டணம் மிச்சமிருக்கிறவர்கள் தலையில்தான் விடியும். ஒண்டுக்குடித்தனக்காரி, குடிசைக்காரன், வாடகைக்கு இருக்கிற தினக்கூலி. சொந்தக் கூரை இல்லாதவர்கள் சேர்ந்து மற்றவர்கள் விட்டுப்போன கப்பலுக்கு வாடகை கட்ட வேண்டும். எந்தப் 'பாதுகாப்பு' அறிக்கையிலும் இவர்களுக்கென்று ஒரு வரி இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்கள் கருத்தரங்கில் யாராவது 'பிராந்திய எரிசக்திப் பாதுகாப்பு' என்று ஆரம்பித்தால் எழுந்து நின்று கேளுங்கள். ஒப்பந்தத்தை வெளியே வைக்கிறாயா? சரக்கு தராதவன் அன்றைய சந்தை விலையை முழுசாகக் கட்டும்படி எழுதியிருக்கிறாயா? நிலைக்கட்டணத்தை யார் மின்கட்டணத்தில் ஏற்றப்போகிறாய்? பொதுப்பணத்தில் சூரியத் தகடு வைப்பதென்றால் முதலில் பள்ளிக்கூடத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் வைப்பாயா?

பதில் வராது. வருகிற வரைக்கும் உட்கார வேண்டாம்.