ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் தாள்

செவ்வாப்பேட்டையில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அந்தக் காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். சென்னை - அரக்கோணம் லைனில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆடி மாசம் சுற்றுவட்டாரத்தில் எங்கே கூழ் ஊற்றினாலும், விடியற்காலை நாலரைக்கே எல்.ஆர்.ஈஸ்வரி குரலில் ஊரை எழுப்புகிற பொறுப்பு மாமாவுடையது. செட்டை விற்று ரொம்ப நாளாச்சு. காது கொஞ்சம் மந்தம். (கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே முப்பது வருஷம் படுத்துத் தூங்கிப் பாருங்கள், தெரியும்!)

போன மாசம் நான் போயிருந்தபோது, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பைக்கில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வாரத்தில் ஆறு நாள் காக்களூர் சிட்கோவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார். பெட்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர்.

"ஃபியூஸ் போய்க்கினே இருந்துச்சு தாத்தா. ஒரு கடையில குடுத்தேன். இப்ப போறதில்ல. ஆனா தீயற வாசனை வருது."

மாமா பின்பக்க மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே கண்ணாடி ஃபியூஸைச் சுற்றி, சிகரெட் பாக்கெட்டின் ஈயத் தாள்!

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். 1984 ஆடியில் அவரே இந்த வேலையைச் செய்திருக்கிறார். ஒரே ராத்திரியில் மூன்று ஃபியூஸ் போய்விட்டது. விழாக் கமிட்டிக்காரர்கள் கத்த, மாமா அவசரத்துக்கு ஈயத் தாளைச் சுற்றினார். பாட்டு பிரமாதமாகப் பாடியது, முக்கால் மணி நேரத்துக்கு. அப்புறம் குப்பென்று புகை. டிரான்ஸ்ஃபார்மர் காலி. ரீவைண்டிங் முடிந்து வருவதற்குள் ஆடியே முடிந்துவிட்டது. அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. அது திரும்பி வராத கதையை அத்தையிடம்தான் கேட்க வேண்டும், கேட்காமலேயே சொல்வாள்.

"மைக் செட்டுக்காரருக்குக் கிட்டார் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறீர்களா? இரண்டும் பங்காளிகள். 1962-ல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன் என்ற பெட்டியைப் பார்த்துத்தான் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். பிற்பாடு உலகத்து ராக் பையன்களெல்லாம் அதன் முன்னால்தான் தலையை ஆட்டினார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லேயே ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பித்துவிட்டது. லண்டன் பெட்டியோ கூழ் ஊற்றுகிற இடத்துப் பெட்டியோ, உள்ளே வேலை ஒன்றுதான். 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றும், ரெக்டிஃபயர் அதை டி.சி. ஆக்கும், பெரிய கண்டென்சர்கள் அலையடிக்காமல் சமப்படுத்தும், நானூறு வோல்ட்டுக்கு மேலே பவர் வால்வுகளுக்குப் போகும்.

அந்தக் கண்டென்சர்கள் பொல்லாதவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். மாமா பத்தாயிரம் ஓம், அஞ்சு வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட வயரில் கட்டி, கண்டென்சரின் இரண்டு முனையிலும் வைத்து வடியவிட்டார். அப்புறம் மீட்டரில் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்'பென்று வெடிக்க வைப்பது வீரம் இல்லையாம்.

"எடது கைய பாக்கெட்ல உட்டுக்கடா. ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட் நெஞ்சு வழியா போவும்."

"லுங்கில ஏது தாத்தா பாக்கெட்?"

"அப்ப பின்னால கட்டிக்க!"

அடுத்து, சீரிஸ் போர்டு. ஃபேஸ் வயரின் நடுவே ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு. கண்டிப்பாகக் குண்டு பல்பு, எல்.இ.டி. இதற்கு உதவாது. பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து பழியைத் தான் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் பளிச்சிட்டு மங்கிவிடும். ஃபியூஸை வரிசையாகப் பலி கொடுக்க வேண்டாம்.

மாமா எல்லா வால்வையும் அடையாளம் வைத்துப் பிடுங்கினார். சரியான ஃபியூஸைப் போட்டார், 'டி' என்று போட்ட மெதுவாகப் போகிற ரகம். (ஸ்விட்சைப் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மிடறு கூடுதலாகக் குடிக்கும். வேகமான 'எஃப்' ரகம் அதற்கே உயிரை விட்டுவிடும்.) பல்பு பளிச், அப்புறம் மங்கல். "டிரான்ஸ்ஃபார்மர் பொழைச்சுக்கிச்சு!" என்றபோது மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிளக்கைப் பிடுங்கி, ரெக்டிஃபயர் வால்வை மட்டும் செருகினார். பல்பு மங்கல்தான். ஆக, ரெக்டிஃபயரும் கண்டென்சர்களும் நிரபராதிகள். மறுபடி பிடுங்கி, வடியவிட்டு, பவர் வால்வுகள் இரண்டும் உள்ளே. எல்லாரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். மங்கல்... மங்கல்... இருபது செகண்ட் போல ஆனதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாக ஆரம்பித்தது.

"ஷார்ட்டா இருந்தா ஒடனே எரியும். இது வால்வு சூடாவற வரைக்கும் காத்திருந்து எரியுது பாரு. மைனஸ் வரலடா."

அதாவது பயஸ். பவர் வால்வின் கிரிட்டுக்கு முப்பது, நாற்பது வோல்ட் மைனஸ் வர வேண்டும். அதுதான் கடிவாளம். அது இல்லையென்றால் வால்வு இழுக்க முடிந்த கரண்டையெல்லாம் இழுத்து, உள்ளே பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். இதைத்தான் ஃபியூஸ் ஒவ்வொரு முறையும் செத்துச் செத்துச் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் அதன் வாயில் ஈயத் தாளை அடைத்துவிட்டார். அஞ்சாம் நம்பர் பின்னில் மீட்டரை வைத்தால் பூஜ்யம். பயஸ் வயரைத் தொடர்ந்து போனால், ஒரு முனையில் டிரை சால்டர். பார்க்க ஒட்டியது போலிருந்து, குச்சியால் தொட்டால் ஆடியது.

சால்டர் வைக்க இரண்டு நிமிஷம். மாமா விடவில்லை. மூன்று பின் பிளக்கில் எர்த் வயரைக் காணோம்! 'உர்'ரென்று சத்தம் வந்ததாம், பையனே வெட்டியிருக்கிறான். கிட்டார் கம்பி பெட்டியின் தகரத்தோடு சேர்ந்தது. தகரத்தில் கரண்ட் ஏறினால் கம்பியிலும் ஏறும். அந்தக் கையோடு, எர்த் சரியாக இருக்கிற மைக்கில் உதடு பட்டால் தீர்ந்தது. 1972-ல் ஸ்வான்ஸீயில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். இதை நான் சொன்னேன். என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா!

பையன் முகம் வெளுத்துவிட்டது. புது வயரை அவனே மாட்டினான்.

பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரே போட்டார்கள். மீட்டரில் மைனஸ் 38. பையன் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு மீட்டு மீட்டினான். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு தாத்தா?"

மாமா பாட்டைக் கேட்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் மூடி மேல் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"சூடு ஏறல. வாசி, வாசி" என்றார்.

"அன்னிக்கே இப்பிடிப் பார்த்திருந்தா..." என்று அத்தை ஆரம்பித்தாள். நல்லவேளை, மாமாவுக்குக் காது மந்தம்.