மராமத்துக்குக் கிடைத்த பெயர்

மட்டாஞ்சேரி அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்றுதான் ஊரே அழைக்கிறது. கட்டியவர்கள் என்னவோ போர்ச்சுகீசியர்கள். கோயில் ஒன்றைக் கொள்ளையடித்த கோபத்தைத் தணிக்க, 1555 வாக்கில் கட்டி கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் காணிக்கையாகத் தந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. 1663-க்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் செய்தது மராமத்தும் சில விரிவாக்கங்களும்தான். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. யோசித்தால், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

மராமத்து பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி, சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது. போர்ச்சுகீசியர்கள் 1503-இல் எழுப்பிய இம்மானுவேல் கோட்டை. இந்தியாவில் ஐரோப்பியர்கள் கட்டிய முதல் கோட்டை அதுதான். 1663-இல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் அளவைச் சுருக்கினார்கள். 1795-இல் பிடித்த ஆங்கிலேயர்கள் 1806-இல் மதில்களைத் தகர்த்தார்கள். எதிரி கையில் சிக்கினால் ஆபத்து என்று ஒவ்வொருவரும் நினைத்த சொத்தை யார்தான் பழுது பார்ப்பார்கள்? இன்று மிச்சமிருப்பது கடற்கரையில் கிடக்கும் சில கற்களும், ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஃபோர்ட்'டும்தான்.

அரண்மனைக்கு அதிர்ஷ்டம். 1951 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு என்பது வாசலில் பலகை வைப்பதோடு முடிவதில்லை. பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் விரிகிறது. அந்த ஓவியங்களைத் தாங்குவது சுண்ணாம்புப் பூச்சு. கொச்சியின் மழையும் உப்புக்காற்றும் அதற்கு ஓயாத சோதனை. இப்படிப்பட்ட பழைய சுவரில் அவசரத்துக்குச் சிமெண்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். சுண்ணாம்பைப் பக்குவமாகக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இன்று அரிது.

இடிந்த கோட்டையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். புது மதில் பழைய கோட்டையாகாது. எஞ்சிய கற்களை அளந்து, படமெடுத்து, மதில் ஓடிய வழியைத் தரையில் அடையாளம் காட்டினால் போதும். கடல் முந்திக்கொள்வதற்குள் அதைச் செய்தாக வேண்டும்.

திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. ஒழுகும் கூரையை அடைத்தவருக்குக் கிடையாது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை, மட்டாஞ்சேரியில் மராமத்துக்காரர்களுக்குப் பெயர் கிடைத்தது. அது தவறான பெயர் என்று வழிகாட்டிகள் திருத்துகிறார்கள். திருத்தட்டும், பாடத்தை மட்டும் மறக்க வேண்டாம்.