எறியாத பந்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில், சோள வயல்கள் சூழ அமைந்த மாநிலம் அயோவா. நாட்டின் புகழ்பெற்ற தொழில்முறைக் கால்பந்து அணிகளுள் ஒன்றேனும் அம்மாநிலத்திற்கு இல்லை. ஆதலால் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் மக்களின் ஆர்வம் பல்கலைக்கழக மாணவர் அணிகளையே நாடிச் செல்லும். அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் அரங்கில் ஏறத்தாழ 70,000 பேர் கூடுவர். 2023ஆம் ஆண்டில் அந்த அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது. அதன் ரசிகர்களோ தொடர்ந்து மனம் குமுறிக்கொண்டிருந்தனர்.

குமுறலின் காரணத்தை அறிய, ஆட்டத்தைச் சிறிது அறிதல் வேண்டும். பெயர் கால்பந்து எனினும் அமெரிக்க ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தைச் சுமந்துகொண்டு ஓடலாம். அல்லது குவார்ட்டர்பேக் எனப்படும் வீரர் அதனை முன்னே நிற்கும் தோழருக்கு எறியலாம். மூன்று முயற்சிகளிலும் தூரம் கிட்டாவிடில், நான்காவதில் பந்தை எதிரணியின் எல்லை நோக்கி ஓங்கி உதைத்துவிடுவதே வழக்கம். இதற்குப் பன்ட் என்று பெயர்.

எறிந்த பந்தைத் தோழர் பிடிக்கலாம்; அது தரையில் விழலாம்; எதிரி பறித்துக்கொள்ளவும் கூடும். மூன்றில் இரண்டு கேடு. அயோவாவில் 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக விளங்கும் கிர்க் ஃபெரென்ஸ் இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர். வலிய தற்காப்பை அமைப்பது, பந்தை இழக்காமல் ஓடுவது, இயலாவிடில் தொலைவில் உதைத்துவிட்டு எதிரியின் பிழைக்குக் காத்திருப்பது என்பதே அவர் வகுத்த நெறி. 2004இல் பென் ஸ்டேட் அணிக்கு எதிராக 6–2 என முன்னிலையில் இருந்தபோது, இடர் நிறைந்த இடத்தில் பந்தை வைத்திருப்பதைவிட மேல் என்று எதிரணிக்குத் தாமே 2 புள்ளிகளை விட்டுக்கொடுத்து, 6–4 என வென்றார். 2022இல் தெற்கு டகோட்டா ஸ்டேட் அணியை 7–3 என வென்றபோது, ஆட்டத்தின் பெரும்பேறாகிய டச் டவுன் ஒன்றுகூட அயோவாவுக்கு வாய்க்கவில்லை. கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகளும், எதிரியை அவர்தம் எல்லைக்குள்ளேயே இருமுறை மடக்கி 4 புள்ளிகளும் பெற்றனர். இதனைக் கண்டு சிலர் நகைத்தனர். சிலர் பெருமை கொண்டனர்.

தாக்குதல் பிரிவின் ஆட்டமுறைகளை அறிவித்தவர் கிர்க்கின் மகன் பிரையன் ஃபெரென்ஸ். 2023 பருவத்திற்கு முன் அவருடைய ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஊதியத்தில் 50,000 டாலர் குறைந்தது. ஆட்டத்திற்குச் சராசரியாக 25 புள்ளிகளும் 7 வெற்றிகளும் பெற்றால்தான் பதவி நிலைக்கும் என்றாயிற்று. தற்காப்பு வீரர்கள் ஈட்டும் புள்ளிகளும் அக்கணக்கில் சேரும் என்பது இதில் வேடிக்கை. தாக்குதல் பிரிவை அளக்க வந்த அளவுகோல், பிறர் உழைப்பையும் சேர்த்து அளந்தது. அன்றுமுதல் ரசிகர்கள் வெற்றியை விட்டுவிட்டு 25ஐ எண்ணத் தொடங்கினர்.

14 ஆட்டங்களில் அயோவா பெற்ற புள்ளிகள் 216, விட்டுக்கொடுத்தவை 207. ஒன்பதே புள்ளி மிகுதியைக் கொண்டு அவ்வணி 10 ஆட்டங்களை வென்றது! ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லர் அப்பருவத்தில் பன்ட் உதைத்த மொத்தத் தூரம் 4,479 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் அஃது ஒரு சாதனை. பந்தை உதைப்பதே வெற்றி என்று பொருள்படும் வாசகம் பொறித்த சட்டைகளும் விற்பனைக்கு வந்தன.

வென்ற அணியைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல் என்றனர் ஒரு சாரார். அது முழு உண்மை ஆகாது. எச்சரிக்கை குற்றமன்று, ஆயினும் எறியத் தெரிந்தும் எறியாதிருப்பது வேறு, எறிய இயலாமல் எறியாதிருப்பது வேறு. முதல் இரு முயற்சிகளிலும் ஓடியே பார்த்துத் தடுக்கப்பட்ட அணி, மூன்றாம் முயற்சியில் நெடுந்தூரம் எறிய நேர்கிறது. அப்போது எறிவார்கள் என்பதை எதிரணி அறியும்; அரங்கமும் அறியும். குவார்ட்டர்பேக்கை நோக்கி எதிரிகள் பாய்வர். பிடிக்க வேண்டிய தோழரைச் சுற்றி வளைப்பர். எளிய வேளைகளில் எறிந்து பழகாத இளைஞர், மிகக் கடினமான வேளையில் மட்டும் எறியப் பணிக்கப்படுகிறார். தவறினால் அவர்மீதே பழி விழுகிறது. எச்சரிக்கையின் விலையைத் திட்டம் வகுத்தவர் செலுத்தவில்லை. இருபது வயதையொட்டிய மாணவர் செலுத்தினார்.

முதன்மைக் குவார்ட்டர்பேக் முழங்கால் காயத்தால் பருவத்தின் நடுவே விலகினார். பந்தைப் பிடிக்கும் முக்கிய வீரர் இருவரும் காயமுற்றனர். கூச்சலிட்ட ரசிகர்கள் இதனை எளிதில் மறந்தனர். எனினும் 2022லும் தாக்குதல் மெலிந்தே இருந்ததால், காயத்தை மட்டும் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. பின்தங்கியபோது மீள வழியில்லாமை 2023இல் மூன்று முறை வெளிப்பட்டது. பென் ஸ்டேட்டிடம் 31–0, மிச்சிகனிடம் 26–0, டென்னசியிடம் 35–0 எனத் தோற்றனர். பருவத்தின் இறுதி இரண்டு ஆட்டங்களில் அயோவாவுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

அதற்கு முன்னரே, அக்டோபர் 30 அன்று, அப்பருவத்தோடு பிரையன் ஃபெரென்ஸ் விலகுவார் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அவருக்குப்பின் டிம் லெஸ்டர் பொறுப்பேற்றார். 2024இல் சராசரி 25ஐக் கடந்தது. ஆயினும் பெருமளவு ஓடியே அப்புள்ளிகள் ஈட்டப்பட்டன. அவ்வாண்டின் வெற்றிகளோ 10இலிருந்து 8ஆகக் குறைந்தன. தலைமைப் பயிற்சியாளரின் நெறி மாறவில்லை. ரசிகர்களின் வாதமும் ஓயவில்லை.