வீட்டுக்காரனா, குடியேற்ற அதிகாரியா?

இங்கிலாந்தில் ஓர் அறையை வாடகைக்கு விட விரும்புகிறவன், குடிவருபவருக்கு அந்நாட்டில் வசிக்க உரிமை உண்டா என்று முன்னதாகவே பரிசோதித்தறிய வேண்டும் என்பது 2014-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் விதி. அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பர்மிங்ஹாம் முதலிய சில ஊர்களில் ஆரம்பமாகி, 2016 பிப்ரவரியில் இங்கிலாந்து முழுவதற்கும் இது விஸ்தரிக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இது அமுலில் இல்லை. எல்லைக்கப்பால் ஒரு மைல் தூரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு இத்தொல்லை கிடையாது!

அந்நியர் வருகையைக் கட்டுப்படுத்த எந்த ராஜ்யத்துக்கும் அதிகாரமுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அவ்வேலைக்கென்றே சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் இருக்க, அதை வீட்டுக்காரன் தலையில் கட்டுவானேன் என்பதே நமது கேள்வி. கட்டியதோடு சர்க்கார் நிற்கவில்லை. தன் வீட்டிலேயே ஒருவருக்கு அறை கொடுத்தவன் முதல் தவறுக்குக் கட்டவேண்டிய அபராதம் 80 பவுனாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அது 5,000 பவுன் வரை உயர்ந்தது. தனி வீட்டை விட்டவனுக்கு 1,000 பவுன் 10,000 ஆயிற்று. தெரிந்தே இடங்கொடுத்தால் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் என்பதும் 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது.

இவ்வாறு பயமுறுத்தப்பட்டவன் என்ன செய்வான்? பாரபட்சமின்றி எல்லோரையும் ஒரே விதமாகச் சோதிக்க வேண்டும் என்று சர்க்கார் வெளியிட்ட விதிமுறை உபதேசிக்கிறது. உபதேசம் நல்லதே, ஆனால் அபராதத்தின் குரல் அதைவிட உரக்கக் கேட்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைச் சட்டென்று நீட்டுகிறவனுக்குச் சாவி கிடைக்கிறது. பெயரும் நிறமும் பேச்சும் வேறாக உள்ளவனுக்கோ, "அறை போய்விட்டது" என்ற பதில்தான் கிடைக்கிறது. இதற்கு வீட்டுக்காரன் மனத்தில் துவேஷம் இருக்க வேண்டியதேயில்லை. அச்சம் ஒன்றே போதும். குடியேற்ற அந்தஸ்தே இப்போது பெரும்பாலும் கணினிப் பதிவாகிவிட்டது. படிக்கச் சென்ற நம் வாலிபன் கையில் காட்டுவதற்கு ஓர் அட்டைகூட இன்றி, ரகசியக் குறியெண் ஒன்றைச் சொல்லி நிற்கிறான். அதை வாங்கிச் சரிபார்க்கும் பொறுமை எத்தனை வீட்டுக்காரருக்கு இருக்கும்?

இது நமது கற்பனையன்று. 2019 மார்ச்சில் லண்டன் ஹைகோர்ட்டு நீதிபதி ஸ்பென்ஸர், இப்பாரபட்சத்துக்குச் சட்டமே காரணமென்றும், அது மனித உரிமை ஒப்பந்தத்துக்கு முரணென்றும் தீர்ப்பளித்தார். 2020 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றியது. பாரபட்சம் நிகழவில்லையென்று கூறியா? இல்லை. நிகழ்கிறதென்பதை ஒப்புக்கொண்டு, குடியேற்றக் கட்டுப்பாடு என்னும் பொதுநோக்கத்தை உத்தேசித்து அது நியாயப்படுத்தத்தக்கதே என்றது! நீதிபதிகளிடம் நமக்கு மரியாதை உண்டு. ஆயினும், சட்டம் பயின்ற நமக்கு இந்த நியாயம் ஜீரணமாகவில்லை. குற்றமற்ற குடிகள் வீடின்றி அலைவதைப் பொதுநன்மையின் கணக்கில் எழுதுவது எந்த நீதி?

2018-இல் வெளிப்பட்ட 'விண்ட்ரஷ்' அநீதியையும் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் மறந்திருக்க முடியாது. கரீபியன் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன்பு சட்டப்படி வந்து குடியேறியவர்கள், காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். அதற்குப் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்ட பிறகும் வாடகை விதியை ரத்துச் செய்யவில்லை, அபராதத்தைத்தான் பன்மடங்காக்கிற்று. 2014-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அப்பகுதியைப் பார்லிமெண்டு நீக்கி, எல்லைக் காவலை அதற்குரிய உத்தியோகஸ்தர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.